ஏழு பேருக்கு ஒரே பேக்கேஜா?

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீட்டுப் புலனக் குழுக்கள் சூடாகிவிடும். ஒருவர் மலை என்பார், ஒருவர் கடல் என்பார், ஒருவர் "எங்காவது போய்த் தூங்கினால் போதும்" என்பார். கடைசியில் யார் முதலில் முன்பணம் கட்டுகிறாரோ அவர் சொன்ன இடத்துக்கு எல்லாரும் போவோம். போன இடத்தில் இரண்டு பேர் சிரிப்பார்கள், மூன்று பேர் கைப்பேசியைப் பார்ப்பார்கள், ஒருவர் பைகளைக் காவல் காப்பார்.

வானொலி நிலையத்தில் விடுமுறைக் காலத்தில் நேயர்கள் என்னிடம் அதிகம் கேட்பதும் இதுதான். "குடும்பத்தில் ஆளுக்கொரு ஆசை. எந்தச் சுற்றுலாவை எடுப்பது?" இந்த வாரம் மெர்சிங்கை வைத்துப் பதில் சொல்கிறேன். எங்கள் வீட்டு ஏழு பேரும் போய் வந்த ஊர் அது. ஒரே வட்டாரத்தில் கடல், காடு, வரலாறு, மீன் கடை எல்லாம் இருப்பதால் இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணமும்கூட.

முதலில் ஊரைப் பார்ப்போம். ஜொகூரின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலைப் பார்த்தபடி இருக்கிறது மெர்சிங். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் ஆயர் ஈத்தாமில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, குளுவாங், கஹாங் வழியாக வரலாம். நின்று சாப்பிட்டு வந்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. தியோமான் தீவு பகாங் மாநிலத்துக்குச் சொந்தம். ஆனால் அங்கே போகப் பலரும் படகு ஏறுவது ஜொகூரின் மெர்சிங்கில்தான். ரவா, பெசார், சிபு, திங்கி போன்ற ஜொகூர் தீவுகளும் இந்தக் கரைக்கு எதிரேதான் இருக்கின்றன.

இங்கே விற்கும் பேக்கேஜ்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். மூன்று நாள், இரண்டு இரவு, போகவர படகு, தங்கும் அறை, சாப்பாடு, ஒரு நாள் முழுக்க ஸ்நோர்கலிங். இருபது வயதுக்காரர்கள் நாலு பேர் போனால் இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டாம். ஆனால் 68 வயது அப்பா, முட்டிவலி உள்ள அம்மா, நீச்சல் தெரியாத அண்ணி, நீரை விட்டு ஏற மறுக்கும் பதினாறு வயது அண்ணன் மகன், ஆமை என்றால் உயிரை விடும் பத்து வயது மகள் என்று போனால்? அந்த 'ஒரு நாள் முழுக்க'தான் சிக்கல்.

அதனால் பேக்கேஜைப் பார்ப்பதற்கு முன் வீட்டில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, எதைப் பார்க்காமல் திரும்பினால் உனக்கு வருத்தமாக இருக்கும்? இரண்டு, எது உன்னால் முடியாது? இரண்டாவது கேள்வி முக்கியம். படகில் வாந்தி வருமா, மணலில் நடக்க முடியுமா, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறை வேண்டும், வெள்ளிக்கிழமை சைவமா என்பதெல்லாம் புறப்படும் முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள்.

இதைக் குழுவில் கேட்காதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள். எங்கள் அம்மாவிடம் எல்லார் முன்னாலும் கேட்டால் வரும் பதில், "எனக்கென்னம்மா, நீங்க போற இடத்துக்கு வர்றேன்." நம் அம்மாக்கள் பாதிப் பேரின் பதில் இதுதான். அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டுதான் முப்பது ஆண்டுகளாக அவர்களைப் பைகளோடு உட்கார வைத்திருக்கிறோம். சமையலறையில் தனியாக இருந்தபோது கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "படகுல போகணும், ஆனா தண்ணியில எறங்கச் சொல்லாதீங்க. கருவாடு காய வைக்கிற எடம் இருந்தா பாக்கணும்" என்றார். குளுவாங் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். கடல் அங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் அவர் காலத்தில் தோட்டத்துப் பெண்ணைக் கடலுக்கு யார் அழைத்துப் போனார்கள்?

ஆசைகளை எழுதி வைத்துவிட்டால், எதற்கு வழிகாட்டி தேவை, எதற்குத் தேவையில்லை என்று பிரிப்பது சுலபம்.

வழிகாட்டி கட்டாயம் வேண்டியது காட்டுக்கு. எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர் பகுதிக்கு இரண்டு நுழைவாயில்கள் உண்டு. ஒன்று பெக்கோக் வழியாகப் போகும் செலாய், மற்றது கஹாங் வழியாகப் போகும் பெத்தா. பெத்தாவுக்குக் கஹாங்கிலிருந்து சுமார் 56 கிலோமீட்டர் தோட்டங்கள் ஊடான பாதை. சாதாரண காருக்கு அது சரிப்படாது, நான்கு சக்கர இயக்க வாகனம் வேண்டும். அங்கே ஜக்குன் பூர்வகுடியினரின் கம்பம் இருக்கிறது. அவர்களில் பலர் வழிகாட்டிகளாக வேலை செய்கிறார்கள். உப்பே குலிங் நீர்வீழ்ச்சியில் பாறைகளை நீர் சுழன்று சுழன்று குடைந்து, பானை பானையாகக் குழிகள் விழுந்திருக்கும். 1985-86இல் மலாயா இயற்கைக் கழகம் நடத்திய அறிவியல் பயணம்தான் இந்தக் காட்டின் அருமையை நாட்டுக்கு எடுத்துச் சொன்னது. நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு அருமையான இடம். முட்டிவலிக்காரர்களைக் கூட்டிப்போனால் இரு தரப்புக்கும் தண்டனை. கடலையும் இந்தக் காட்டையும் ஒரே மூன்று நாளில் அடைக்கவும் முயல வேண்டாம். நாங்கள் காட்டை இன்னொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டோம்.

வழிகாட்டியே தேவைப்படாதது அப்பாவின் ஆசை. அவர் போர்க்கால வரலாற்றுப் பிரியர். 1942 ஜனவரி 26ஆம் தேதி எண்டாவில் ஜப்பானியக் கப்பல்கள் வந்து நின்றன. அவற்றைத் தாக்க இரவில் போன தேனட், வேம்பயர் என்ற இரு போர்க்கப்பல்களில் தேனட் மூழ்கடிக்கப்பட்டது. அதே இரவில் மெர்சிங்குக்குத் தெற்கே, ஜெமாலுவாங் போகும் சாலையில், நித்ஸ்டேல் ரப்பர் தோட்டத்தில் ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரைப் பதுங்கியிருந்து தாக்கினார்கள். இதற்குப் பேக்கேஜ் எதுவும் தேவையில்லை. காரை எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் மெதுவாகப் போனோம், அப்பா பேசிக்கொண்டே வந்தார். தோட்டங்களிலிருந்து நம்மவர்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோன கதைக்கு வந்தபோது, பின்னிருக்கையில் அண்ணன் மகன் காதிலிருந்த ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு, "தாத்தா, நம்ம வீட்டுல யாரும் போனாங்களா?" என்று கேட்டான். செலவு பெட்ரோல் மட்டும்.

அம்மாவின் கருவாட்டுக்கும் வழிகாட்டி வேண்டாம். மெர்சிங் மீனவர் ஊர். கடைகளில் மீன் கெரோப்போக்கும் கருவாடும் தாராளமாகக் கிடைக்கும். காலையில் போய் நிதானமாகக் கேட்டு வாங்கினால் அதுவே அரை நாள் சுற்றுலா. ஓய்வு கேட்பவர்களுக்கு ஊருக்கு வடக்கே ஆயர் பாப்பான் கடற்கரை இருக்கிறது.

மீதமிருப்பது தீவு. இங்கேதான் எந்தக் கம்பத்தில் தங்குகிறோம் என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தியோமானில் படகு கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று வரிசையாக நிற்கும். சாலாங், ஆயர் பாத்தாங் பக்கம் முக்குளிப்பவர்களுக்கும் இளைஞர்களுக்கும் பிடிக்கும். தெக்கெக்கில் சாலையும் கடைகளும் உண்டு, கடல் பூங்கா மையமும் பக்கம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அதுதான் வசதி. ஜுவாரா தீவின் கிழக்குப் பக்கம், அமைதியான இடம். தெக்கெக்கிலிருந்து மலையைக் கடந்து சாலையிலும் போகலாம், காட்டுப் பாதையில் நடந்தும் போகலாம். ஆமைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று அங்கே நடக்கிறது.

நாங்கள் தெக்கெக்கில் தங்கினோம். ஸ்நோர்கலிங்கை முழு நாளுக்குப் பதில் அரை நாளாகக் கேட்டு வாங்கினோம். அண்ணனும் மகனும் நீரில், அம்மாவும் அண்ணியும் படகின் கூரை நிழலில். மறுநாள் ஜுவாராவுக்கு எல்லாரும் போனோம். ஆமை முட்டைகளை ஏன் மணலிலிருந்து எடுத்துப் பாதுகாக்கிறார்கள் என்று அங்கிருந்த தொண்டூழியர் ஆங்கிலத்தில் விளக்க, பத்து வயதுக்காரி பாட்டிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். "குஞ்சு பொரிச்சா தாய் வந்து பாக்குமா?" என்று அம்மா கேட்டார். வராது என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அவர் கேட்ட கேள்விகள் பிள்ளைகள் கேட்டதைவிட அதிகம்.

பாருங்கள், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்றுதான் எல்லாரும் சேர்ந்து. மற்ற நேரம் பிரிந்து போகலாம். இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரே மேசை. பிரிந்து போனால்தான் சாப்பாட்டு மேசையில் சொல்லக் கதை இருக்கும். ஏழு பேர் என்றால் தனிப் படகு பேசுவதும் ஆளுக்கு அவ்வளவு கூடுதலாக வராது. நேரமும் உங்கள் கையில் இருக்கும்.

தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். கும்பகோணத்தில் தங்கி ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஓரிரு நாளில் ஓட்டமாக ஓடிப் பார்க்கும் பேருந்தில், பிள்ளைகள் முகம் மூன்றாவது கோயிலிலேயே வாடிவிடும். பக்கத்திலேயே தாராசுரம் இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள சோழர் கோயில். படம் வரையும் பிள்ளையை ஒரு பெரியவரோடு அங்கே அரை நாள் விட்டுவிட்டு மற்றவர்கள் தலங்களுக்குப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

இனி, விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத பகுதி. 2007 அக்டோபரில் மெர்சிங்கிலிருந்து தியோமானுக்குப் போன பயணிகள் படகு ஒன்று தீப்பிடித்து உயிர்கள் போயின. 2022 ஏப்ரலில் மெர்சிங்குக்கு அப்பால் தோக்கோங் சங்கோல் தீவருகே முக்குளிக்கப் போன நால்வர் நீரிலிருந்து மேலே வந்தபோது அவர்களை ஏற்றிக்கொள்ளப் படகு அருகில் இல்லை. நீரோட்டம் அடித்துக்கொண்டு போனது. மூவர் மீட்கப்பட்டார்கள். 14 வயதுச் சிறுவன் கடலிலேயே இறந்துபோனான். அவன் தந்தையோடுதான் போயிருந்தான். குடும்பமாகப் போகும் யாரும் இதை மறக்கக் கூடாது.

அதனால் விலையைக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். நிறுவனத்துக்குச் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா? 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி அது கட்டாயம். வழிகாட்டிக்கு உரிம அட்டை இருக்கிறதா? இயற்கை வழிகாட்டிகளுக்குப் பச்சை, மற்ற சுற்றுலா வழிகாட்டிகளுக்கு நீலம். பிள்ளைகள் அளவில் உயிர்காப்பு அங்கி உண்டா, அல்லது பெரியவர் அங்கியை இழுத்துக் கட்டுவார்களா? நாம் நீரில் இருக்கும்போது படகில் யார் இருப்பார்? ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது யார்? பருவநிலை மோசமானால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா? பதில்களைப் புலனத்தில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் புகார் செய்யலாம், 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம். அங்கே கையில் எழுத்து இருக்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிற ஏஜென்டை விட்டுவிடுங்கள். நல்ல படகோட்டி இவற்றைக் கேட்டால் கோபப்பட மாட்டார்.

இரண்டு விஷயங்கள் மட்டும் உங்கள் ஆசைக்கும் என் ஆசைக்கும் வளையாது. ஒன்று மழைக்காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும், கடல் கொந்தளிக்கும், தீவில் பல விடுதிகள் மூடிவிடும். ஆண்டிறுதிப் பயணத்துக்கு வேறு கரையைப் பாருங்கள். இன்னொன்று கடலின் ஏற்றவற்றம். மெர்சிங் ஆற்று முகத்துவாரம் ஆழம் குறைவு, நீர் வற்றினால் பெரிய படகு வெளியேற முடியாது. அதனால் படகு நேரம் நாளுக்கு நாள் மாறும். உங்கள் தேதிக்கு எத்தனை மணிக்குப் படகு என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு அறையைப் பதிவு செய்யுங்கள். மதியப் படகு என்றால் காலையில் கருவாடு வாங்க நேரம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அதைத் திரும்பி வரும்போது வாங்கினால்தான் அறையில் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்க முடியும்.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போவதென்று உங்கள் வீட்டில் பேச்சு தொடங்கியிருக்கும். முன்பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். "எனக்கென்ன, எதுவானாலும் சரி" என்று சொன்னவர் யாரோ, அவரிடம் போய்த் தனியாக உட்கார்ந்து மறுபடி ஒரு தடவை கேளுங்கள். அவர் பதிலை வைத்துப் பயணத்தில் அரை நாளாவது ஒதுக்குங்கள். பையை அந்த அரை நாளில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.