பூங்காவின் நாற்றங்காலைத் திருப்பிக் கொடுங்கள்



எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவின் சீரமைப்பு வேலை முடிந்து திறப்பு விழாவும் நடந்துவிட்டது. சிமென்ட் யானை வந்திருக்கிறது, செல்ஃபி எடுக்க வளைவு வந்திருக்கிறது, செயற்கைப் புல்தரையும் வண்ண விளக்குகளும் வந்திருக்கின்றன. மேற்கு மூலையில் இருந்த நாற்றங்காலையும் அதை ஒட்டிய மல்லிகைப் பாத்தியையும் காணோம். மரங்களில் தொங்கிய பெயர்ப் பலகைகளையும் கழற்றிவிட்டார்கள். காலை பத்து மணிக்குப் பூட்டுகிற கதவை மாலை நான்குக்குத்தான் திறக்கிறார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிற பெண்களுக்கு அந்த நேரம் எதற்கும் உதவாது. இதைக் கண்டித்துத்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகள் விளையாட இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊஞ்சலும் சறுக்குமரமும் முன்பும் இருந்தன, இனியும் இருக்கட்டும். என் கோபமெல்லாம் நாற்றங்காலை எடுத்ததில்தான். எங்கள் பகுதியில் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் செடி வைத்திருக்கிற பலர் அந்த மூலையில் நின்று பார்த்துத்தான் வேலை கற்றோம்.

அங்கிருந்த தோட்டக்காரப் பெரியவர் உட்கார வைத்துப் பாடம் நடத்தியவர் இல்லை. அவர் வேலை செய்வார், நாங்கள் பக்கத்தில் நிற்போம். செம்பருத்தித் தண்டில் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி அப்பியிருந்தால் எங்கள் கண் அதிலேயே நிற்கும். அவர் விரல் தண்டில் ஏறி இறங்கும் எறும்பைக் காட்டும். "முதல்ல இதை நிறுத்துங்கம்மா, அப்புறம் மருந்தைப் பத்திப் பேசலாம்" என்பார். பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புதான் அதற்குக் காவல் நிற்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கொய்யாவில் பதியம் போடும்போது பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை மட்டும் வளையமாக உரிப்பார். ஈரமான தென்னை நார்க்கழிவை வைத்து, பாலித்தீன் சுற்றி, இரண்டு பக்கமும் கட்டிவிடுவார். இலையில் தயாராகும் உணவு பட்டை வழியாகக் கீழே இறங்க முடியாமல் அந்த இடத்தில் தேங்குகிறது. வேர் அங்கே விடுகிறது. சில வாரம் கழித்துப் போனால் பாலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரியும்.

மல்லிகையைக் கவாத்து செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய பாடம். கார்த்திகையில் செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்ட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, காணொளியிலும் சொல்கிறார்கள். ஆனால் ஆசையாக வளர்த்த செடியை மொட்டையடிக்க யாருக்குக் கை வரும்? பூங்காவில் ஒரு வரிசை முழுவதையும் அவர் வெட்டியதைப் பார்த்தோம். தை பிறந்தபோது துளிர் விட்டிருந்தது. பங்குனியில் அந்த வரிசை முழுக்க மொட்டு. அதன் பிறகுதான் வீட்டுச் செடியில் கத்தரி வைக்கத் துணிந்தோம். ஒரே செடியை ஒரே இடத்தில் பருவந்தோறும் போய்ப் பார்க்கக் கிடைப்பதை எந்தக் காணொளியும் தராது.

பொதுத் தோட்டங்கள் பல கற்பதற்கும் கற்பிப்பதற்கும் என்றே வளர்ந்தவை. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு முன்னோடி, 1840-களில் அங்கே குடியிருந்த ஐரோப்பியர்கள் சந்தா கட்டி நடத்திய காய்கறித் தோட்டம். 1848-இல் தோட்டக்கலை வல்லுநர் மெக்ஐவர் பொறுப்பேற்ற பிறகே அது இன்றைய உருவத்துக்கு வரத் தொடங்கியது. நம் சாம்பாரில் போடும் சௌசௌவை பெங்களூரில் பரப்பியவர் லால்பாக் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜான் கேமரூன் என்கிறார்கள். சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது 1835-இல். அந்தக் காலத்திலேயே செடியைப் பார்த்துப் பழக ஒரு பொது இடம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

நம் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை கொடுத்திருக்கிறது. வளர்ப்புப் பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதைகள், அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா விரிடி, கையேடு எல்லாம் அதில் உண்டு. நல்ல திட்டம், பாராட்டுகிறேன். ஆனால் வாங்கிப் போனவர் தக்காளிச் செடியில் இலை சுருண்டால் யாரிடம் காட்டுவார்? நார்க்கழிவை எந்தப் பதத்துக்கு நனைக்க வேண்டும் என்பதை எங்கே தொட்டுப் பார்ப்பார்? எங்கள் ஊரில் அந்த இடம் பூங்கா மூலைதான். அங்கே இப்போது சிமென்ட் யானை நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புங்கமரத்தின் அடியில் தண்ணீர் இறங்க வழியில்லாமல் தண்டுவரை கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இலேயே டெல்லி வழக்கில் உத்தரவிட்டது. பூங்காச் சருகை முடிந்தவரை பூங்காவிலேயே உரமாக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. எங்கள் பூங்காவிலோ சருகைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். பக்கத்தில் நடைப்பயிற்சி செய்கிறவர்கள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு போகிறார்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது. ஒரு மூலையில் நாற்றங்காலும், கீரையும் காய்கறியும் மல்லிகையும் வளரும் நான்கு பாத்திகளும், சருகு மக்கும் ஒரு குழியும் போதும். மரத்துக்கு மரம் தமிழில் பெயர்ப் பலகை வேண்டும். வாரம் ஒரு நாள், தோட்டக்காரர் கவாத்து செய்யும் நேரத்தை முன்கூட்டியே எழுதிப்போட்டால் ஆட்கள் தாமாக வருவார்கள். அவரைத் தினக்கூலியில் மாற்றி மாற்றி அனுப்பாமல் நிரந்தரமாக வையுங்கள். அவர் போனால் கூடவே அவர் கற்றதும் போய்விடும். பகலில் கதவைத் திறந்து வையுங்கள்.

நகராட்சி ஆணையரும் மன்ற உறுப்பினர்களும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். மற்ற ஊர் வாசகர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பூங்காவுக்குச் சீரமைப்பு டெண்டர் வந்தால், வேலை தொடங்கும் முன்பே ஏரியா சபைக் கூட்டத்தில் எழுந்து, மதிப்பீட்டில் செடிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டுவிட்டோம்.

இப்படிக்கு,
மாடித்தோட்டம் வளர்க்கும் ஒரு வாசகி