வேன்தான் வீடு என்றால், உங்கள் முகவரி எது?

இந்த மாதம் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் வேலை, அடுத்த மாதம் ஜொகூரில். சுங்கைப்பட்டாணியில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஏன் வாடகை கட்ட வேண்டும்? ஒரு வேனை வாங்கி அதிலேயே குடியிருந்துவிடலாமே, லீவு கிடைத்தால் அப்படியே காட்டுப் பாதையில் ஒரு சுற்று போய் வரலாமே என்று தோன்றுகிறதா? யோசனை தப்பில்லை. வேலை போனால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியிருந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு, வேலையோடு கூடவே வரும் வீடு பெரிய விஷயம்தான்.

சிக்கல் முகவரியில் இருக்கிறது. குடியிருப்பு மாறினால் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவு இலாகாவில் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஓடும் வண்டியை எந்த முகவரி என்று எழுதுவீர்கள்? அடையாள அட்டை முகவரியை வைத்துத்தான் உங்கள் வாக்குத் தொகுதியும் அமைகிறது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிரம்பியவர்கள் தாமாகவே வாக்காளராகப் பதிவாகிறார்கள்; தொகுதியைத் தீர்மானிப்பது அந்த முகவரிதான். வேலைக்காக வெளி மாநிலம் போன சாதாரண ஊழியருக்கு அஞ்சல் வாக்கு கிடையாது. 2022 பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒருவர் மறைந்ததால் பாடாங் செராயில் வாக்களிப்பு டிசம்பர் 7-க்குத் தள்ளிப்போனது நினைவிருக்கும். வெளியூரில் இருந்தவர்கள் வேலை நாளான ஒரு புதன்கிழமை அங்கு வரவேண்டியிருந்தது.

ஆகவே அம்மா வீடோ அண்ணன் வீடோ, கடிதம் வந்தால் எடுத்து வைக்க ஆள் இருக்கும் ஓர் இடம் உங்களுக்குத் தேவை. நீதிமன்ற அழைப்பாணை, வரிக் கடிதம், சம்மன் எல்லாம் அங்கேதான் வரும்.

அடுத்தது வண்டி. வேனுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி பொருத்துவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலைக் கேளுங்கள். வேலையை முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்பது வேலைக்காகாது. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்து நேரும்போது இழப்பீட்டில் இழுபறி வரும். எடையையும் கணக்குப் பாருங்கள்: 100 லிட்டர் தண்ணீரே 100 கிலோ. 'டி' உரிமம் செல்லுபடியாவது, சுமை ஏற்றாத நிலையில் 3,500 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு மட்டும்.

காட்டுப் பாதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை பொது வழி அல்ல, தனியார் நிலம். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். மழையில் நனைந்த செம்மண்ணில் உயரமான, பாரம் ஏறிய வீட்டு வண்டி சறுக்கினால் மீட்பது லேசில்லை. வீட்டை மேட்டில் நிறுத்திவிட்டு, நண்பரின் ஃபோர்வீல் வண்டியில் போவதே புத்திசாலித்தனம்.

ஆற்றோரம் மட்டும் இரவு தங்காதீர்கள். 2021 ஆகஸ்ட் 18-இல் யான் வட்டாரத்திலும், 2022 ஜூலை 4-இல் பாலிங் குப்பாங்கிலும் மலையிலிருந்து மரமும் சேறுமாக இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாதபோதும் ஜெராய் மலையிலோ ஈனாஸ் மலையிலோ கனமழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இலைதழை மிதந்து வந்தாலோ சாமான்களை எடுக்க நிற்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள்.