கிணற்றடியில் எதை நடலாம்?

மாரி மழை வந்துவிட்டால் மன்னார்த்தீவின் வளவுகளிலே தாழ்ந்த மூலையெல்லாம் நீர் தேங்கிவிடுகின்றது. மண் கொட்டி அதனைத் தூர்த்துவிட வேண்டுமென்று சென்ற வாரம் என் இல்லாள் வற்புறுத்தினாள். நுளம்பு பெருகுமென்பது அவள் வாதம், நியாயமானதே. ஆயினும் நான் இணங்கவில்லை. நம் தீவின் கிணற்று நன்னீர், மணலுள் ஊறி உவர்நீரின்மேல் மெல்லிய படையாகத் தங்கும் மழைநீரேயன்றோ! நீர் ஒரு வாரத்துக்குமேல் நின்றால் மட்டும் சிறு வாய்க்கால் வெட்டி மரங்களின் அடிக்குத் திருப்பிவிடலாம்.

ஈரநிலம் என்றதும் பலர் வாழையையே நாடுகின்றனர். இங்கோ மாரியிலே நீர், பின்னர் மாதக்கணக்கில் கொடுவெயில், இடையே உப்புக்காற்று. மூன்றையும் பொறுப்பவை நம் கரையோரத்துச் செடிகளே. பூவரசு உப்புக்கு அஞ்சாது. தாழை வேலியுமாகும், மணமும் தரும். முள்ளுள்ளதால் குழந்தைகள் ஓடியாடும் இடத்துக்கு ஆகாது. அருவியாற்றங்கரை மருதின் கம்பீரத்தில் மயங்கிச் சிறு வளவிலே அதனை நட்டுவிடாதீர்கள், அது பெருமரம். கிணற்றடிக்கு வல்லாரையும் பொன்னாங்காணியும் போதும். சவர்க்கார நீர் பாயுமிடத்தில் மட்டும் கறிக்குப் பறிக்கலாகாது.

ஆகாயத்தாமரையின் ஊதாப்பூ அழகுதான். அழகுக்கென்றே 1905இல் இலங்கைக்குக் கொணர்ந்தார்கள். 1909இல் அதனை ஒழிக்கச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

தாழைக்கு என் இல்லாள் இசைந்துவிட்டாள். பாம்பு வருமென்ற அச்சம் மட்டும் இன்னும் அவளுக்குத் தீரவில்லை.