பேரிளம்பெண்ணுக்கு அப்பால்

பெண்ணின் வாழ்வைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களாகப் பகுத்தனர் நம் முன்னோர். பாட்டியல் நூல்கள் பேரிளம்பெண்ணுக்கு வகுத்த வயதெல்லை 40. அதற்குப் பின்னும் பெண் வாழ்கிறாள், உழைக்கிறாள், உடல் மாற்றங்களைத் தாங்குகிறாள். உலா நூல்கள் பாடாது விட்ட அப்பருவத்தைக் குடும்பமும் பாராது விடுவதே வேதனைக்குரியது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது. தோல் மெலிகிறது; ஈரப்பசை குன்றுகிறது; திடீர் வெம்மையும் வியர்வையும் உறக்கத்தைக் கெடுக்கின்றன. சொரியாசிஸ் உடையவர்க்கு இத்துன்பம் இரட்டிப்பாகிறது. சித்த மருத்துவம் இந்நோயைக் காளாஞ்சகப்படை என வழங்கும். உடலின் எதிர்ப்பாற்றல் பிறழ்வதால், ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டிய மேல்தோல் சில நாள்களிலேயே பெருகிச் செதிலாய் உதிர்கிறது. இளமையில் தோன்றுவது போலவே 50 வயதைக் கடந்தும் இது புதிதாகத் தோன்றுவதுண்டு. கருவுற்ற காலத்தில் பலருக்குத் தணிவதும், மகப்பேற்றுக்குப் பின் மிகுவதும் சுரப்புகளோடு இதற்குள்ள உறவைக் காட்டுகின்றன. மாதவிடாய் நிற்கும்போது எல்லார்க்கும் நோய் முற்றும் என்று கூற இயலாது. எனினும் உறக்கமின்மையும் மனஅழுத்தமும் எரியும் நெருப்பில் நெய் வார்க்கின்றன என்பது உறுதி.

நோயினும் கொடியது பிறர் நோக்கு. தொழுநோயோடு சேர்த்து எண்ணப்பட்டு வந்த இதனை வேறு நோய் என 1841இல் தெளிவுபடுத்தினார் வியன்னா மருத்துவர் ஹீப்ரா. இது தொற்றாத நோய் என 2014இல் உலக சுகாதாரப் பேரவையும் தீர்மானம் இயற்றியது. இருந்தும், உண்ணும் தட்டையும் உறங்கும் பாயையும் தனியே ஒதுக்கும் வீடுகள் இன்றும் உள. அன்னையின் நோய் வெளியே தெரிந்தால் மகளின் திருமணம் தடைப்படுமோ என்றஞ்சி மறைப்போரும் உளர்.

மறைத்தலால் மருத்துவம் தாமதமாகிறது. மருந்துக் கடையில் தாமே வாங்கி உண்ணும் ஸ்டீராய்டு மாத்திரை, நிறுத்தியவுடன் நோயைப் பன்மடங்காக்கக் கூடும். மூட்டுவலியை 'வயதின் கோளாறு' என்று தள்ளிவிடலாகாது. சொரியாசிஸ் மூட்டுகளையும் சிதைக்க வல்லது. தோல் மருத்துவரிடம் மாதவிடாய் மாற்றத்தையும், மகப்பேறு மருத்துவரிடம் தோல் நோயையும் ஒளிவின்றிக் கூறுதல் வேண்டும். முற்றிலும் நீக்க இயலாவிடினும், நன்கு கட்டுப்படுத்தும் மருந்துகள் இன்று உள்ளன.

மாணவச் செல்வங்களே! உறவினர் திருமணத்திற்குத் 'தலைவலி' என்று கூறி வாராதிருக்கும் அன்னையிடம் ஒருமுறை அமர்ந்து காரணம் கேளுங்கள். பெரியோர்களே! அவ்வன்னை பரிமாறும் உணவை முகஞ்சுளியாது உண்ணுங்கள். மருந்து தோலை ஆற்றும்; மனத்தை ஆற்றுவது நம் கடன்.