பகைவரை நேசித்தலும் அமலேக்கியர் வதையும்

பகைவரையும் நேசித்தல் வேண்டும் என்பது கிறிஸ்துவின் மலைப்பிரசங்கம். அதன் உயர்வை யாம் மறுத்திலேம். நன்று எவர்மாட்டு உளதாயினும் நன்றே. ஆயின் அதே பைபிளின் சாமுவேல் முதற்புத்தகம் 15-ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரை ஆடவர், பெண்டிர், பாலுண்ணும் மகவு என்னும் வேறுபாடின்றிக் கொல்லுமாறு கர்த்தர் சவுலரசனுக்குக் கட்டளையிட்டனர் எனக் காண்கின்றோம். காரணம், இஸ்ரவேலர் எகிப்தினின்று போந்த வழியில் அம்மக்களின் முன்னோர் எதிர்த்தமையே. முன்னோர் பகைக்குத் தொட்டிற் குழவி என் செய்யும்? சவுல் அவர்கள் அரசனாகிய ஆகாகையும் கொழுத்த ஆடுமாடுகளையும் கொல்லாது விட்டான். அப்பிழைக்கே கர்த்தரால் தள்ளப்பட்டான். ஆகாகைச் சாமுவேல் தம் கையாலே துண்டித்தனர். மகவுகளைக் கொன்றதற்கோ ஆங்கு ஒரு கடிந்துரையும் இல்லை.

யாம் கிறிஸ்துவப் பள்ளியொன்றிற் பல்லாண்டு தமிழ் கற்பித்தோம். அங்குச் சமய வகுப்பில், அக்குழந்தைகள் செய்த பிழை யாது என வினவிய சிறுவனொருவன் அன்று மாலைவரை விசுப்பலகைமேல் நிறுத்தப்பட்டான். விடை அவனுக்குக் கிடைத்திலது.

உயிரைக் கொடுத்தவன் அதனை வாங்கவும் உரியன் என்பர் சிலர். நோயாலும் மூப்பாலும் வாங்குதல் ஒன்று. ஒருவன் கையில் வாளைத் தந்து மகவை வெட்டுக எனல் பிறிதொன்று. வெட்டியவன் நெஞ்சில் அன்பு பின் யாங்ஙனம் தங்கும்? அக்காலத்து வழக்கம் அது என்பாரும் உளர். அற்றேல் அக்கட்டளை காலத்தின் வாக்கேயன்றிக் கடவுள் வாக்கன்று. அதனை வெளிப்பட ஒப்புக. மூன்றாம் நூற்றாண்டினராகிய ஓரிகன், யோசுவாவின் போர்களை உயிர் தன் பாவங்களோடு செய்யும் போர் என உருவகித்தார். அழகிய உரையே. ஆயினும் அமலேக்கியர் கதையோ ஒட்டகத்தையும் கழுதையையும் எண்ணிச் சொல்கின்றது. ஒட்டகம் எப்பாவமோ, அறியோம். மார்சியன் என்பார் பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, கிறிஸ்துவின் தந்தை வேறு என்றார். ரோமாபுரிச் சபை 144-ஆம் ஆண்டளவில் அவரை விலக்கிற்று. அவர் பிரிவினையும் பொருந்தாது. அயலானைத் தன்னைப்போல் நேசிக்கும் விதி முதற்கண் உள்ளது பழைய ஏற்பாட்டு லேவியராகமத்திலேயாம்.

பழங்கதைதானே என இதனை விடுதல் ஒல்லாது. 1637-ஆம் ஆண்டு மே மாதம், வட அமெரிக்காவில் மிஸ்டிக் என்னுமிடத்து, பீக்வாட் மக்களின் ஊரை ஆங்கிலேயர் தீக்கொளுவி, பெண்டிரும் மக்களுமாக நூற்றுக்கணக்கானோரைக் கொன்றனர். படைத்தலைவருள் ஒருவராகிய ஜான் அண்டர்ஹில், மறுவருடம் வெளியிட்ட தம் நூலில், தாவீதின் போர்களைக் காட்டி வேதம் இதற்கு இடந்தருமென்று அமைதி கூறினார். ஏட்டில் எழுத்தாய்க் கிடந்த வாள் அன்று கைக்கு வந்தது.

நும் புராணங்களிற் கொலை இல்லையோ எனின், உண்டு. அவற்றையும் இவ்வினாக்கொண்டே ஆராய்க. யாம் வாயிலை அடைத்திலேம்.

இனி லூக்கா 9-ஆம் அதிகாரம் நோக்குக. தம்மை ஏற்காத சமாரியர் ஊரின்மேல் வானத்துத் தீயை வருவிக்கலாமோ என யாக்கோபும் யோவானும் கேட்டனர். எலியா தீர்க்கதரிசி முன்பு அங்ஙனம் தீ வருவித்துப் படைவீரரை எரித்த கதை அவர்க்கு முன்மாதிரி. கிறிஸ்துவோ அவ்விருவரையும் அதட்டி வேற்றூர்க்குச் சென்றனர். எலியாவின் தீயை வேண்டினோரைக் கடிந்த ஆசிரியரின் மாணாக்கர், சாமுவேலின் வாளுக்கு மட்டும் இன்றும் வக்காலத்து வாங்குதல் என்னை?