கண்ணகி நகர் என்று சொன்னதும்

சென்னையில் துரைப்பாக்கம், காரப்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை பழக்கமானது: "சார், கண்ணகி நகர் ஒட்டின மாதிரி மட்டும் வேணாம், ஏரியா சரியில்ல." புரோக்கர் சொல்வார், ஓனர் சொல்வார். எங்கள் அபார்ட்மென்ட் சங்கக் கூட்டத்திலும் இதைச் சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார். ஏன் என்று கேட்டால் காரணங்கள் தயாராக வரும். கஞ்சாவே இல்லை, வெட்டுக்குத்தே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. இருக்கிறது; அதில் முதலில் அடிபடுவதும் அங்கேயே குடியிருப்பவர்கள்தான். அந்தக் காரணங்கள் நிற்குமா என்பதுதான் என் கேள்வி.

"அந்த ஸ்டேஷன்ல எத்தனை கேஸ் தெரியுமா?" என்பது முதல் காரணம். கேஸ் என்பது குற்றமல்ல, குற்றத்தைப் பற்றிப் போலீஸ் எழுதிய தாள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, தமிழ்நாட்டில் 2019இல் இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் ஏறத்தாழ 1.7 லட்சம். 2020இல் ஏறத்தாழ 8.9 லட்சம். ஒரே வருடத்தில் நாம் ஐந்து மடங்கு அயோக்கியர்கள் ஆகிவிட்டோமா? ஊரடங்கு நேரத்தில் வெளியே வந்தவர்கள்மேல் அரசு உத்தரவை மீறியதாக 188ஆவது பிரிவில் வழக்குப் போட்டார்கள், அவ்வளவுதான். பால் வாங்கப் போனவரும் அந்த எண்ணிக்கையில் இருக்கக்கூடும்.

கேரளத்தையும் பாருங்கள். மக்கள்தொகைக்கு இத்தனை வழக்கு என்று கணக்கிட்டால் அது முன்வரிசையில் நிற்கிறது. பீகாரின் விகிதம் அதில் பாதிகூட வராது. ஆனால் கொலையை மறைப்பது கடினம், பிணம் இருக்கிறதே. அந்தக் கணக்கில் 2022இல் கேரளத்தில் லட்சம் பேருக்கு ஒன்றுக்கும் குறைவு, பீகாரில் இரண்டுக்கு மேல். புகாரை வாங்கிப் பதிவு செய்யும் ஊர் குற்றம் மலிந்த ஊராகவும், வழக்குப் பதியாமல் வெறும் சிஎஸ்ஆர் ரசீதோடு திருப்பி அனுப்பும் ஊர் சாந்தமான ஊராகவும் தோற்றம் தருகின்றன. வழக்குப் பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று அந்தக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. பெருநகரங்களின் விகிதத்தைக் கணக்கிட இன்னும் 2011 மக்கள்தொகையைத்தான் வகுக்கும் எண்ணாக வைத்திருக்கிறார்கள் என்பது கூடுதல் வேடிக்கை.

இதில் இன்னொரு உள்விஷயம் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் கேட் அருகே நான் நின்றால் காற்று வாங்குகிறேன். கண்ணகி நகரில் ஒரு பையன் நின்றால் 'சந்தேக கேஸ்'. அதற்குக் கைகொடுத்தவை பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 109, 110ஆம் பிரிவுகள்; 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 128, 129. எண் மாறியது, நிற்கும் பையன் மாறவில்லை. எங்கே அதிகம் தேடுகிறார்களோ அங்கே அதிகம் கிடைக்கும். கிடைத்ததைக் காட்டி இன்னும் தேடுவார்கள்.

"தினமும் பேப்பர்ல வருதே" என்பது அடுத்தது. எப்படி வருகிறது என்று கவனியுங்கள். அடையாறில் செல்போன் பறித்தவனைப் பிடித்தால், 'கண்ணகி நகரைச் சேர்ந்த வாலிபர் கைது'. கோடிக்கணக்கில் மோசடி செய்தவன் பிடிபட்டால், 'தனியார் நிறுவன அதிகாரி கைது'. குற்றம் நடந்த இடம் அடையாறு. பழி விழுவது கண்ணகி நகர்மேல். அதனால்தான் இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகள் விண்ணப்பத்தில் 'துரைப்பாக்கம்' என்று எழுதுகிறார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றபோது மட்டும், அதில் ஆடிய பெண்ணுக்கு 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று ஊர்ப்பெயர் மரியாதையோடு அச்சேறியது.

"அவங்க வந்த பிறகுதான் இந்தப் பக்கம் கெட்டது" என்பது மூன்றாவது. வந்தார்களா, கொண்டுவரப்பட்டார்களா? 2000 வாக்கில் தொடங்கி, நகரின் நடுவே ஆற்றோரம், கால்வாயோரம் இருந்த குடிசைகளைக் காலிசெய்து, குடிசை மாற்று வாரியம் அங்கிருந்தவர்களை இங்கே இறக்கியது. 15,000க்கு மேற்பட்ட வீடுகள். பக்கத்திலுள்ள எழில் நகரையும் சேர்த்தால் 23,000 தாண்டும். பழைய வீடுகள் பல 200 சதுர அடிகூட இல்லாதவை. வேலை, பள்ளிக்கூடம், தெரிந்த கடைக்காரர் எல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிட, தெரியாத மனிதர்களோடு ஒரே மாடிப்படியைப் பகிர்ந்தார்கள். ஒரு தெருவில் யார் வீட்டுப் பிள்ளை யார் என்று தெரிந்திருப்பதே பாதி காவல். அதைக் கலைத்துவிட்டு, ஏன் சண்டை வருகிறது என்று கேட்கிறோம். ஓஎம்ஆரில் ஐடி கட்டடங்கள் எழுந்ததும் இதே காலத்தில்தான். அவற்றைப் பெருக்கவும், நம் வீடுகளில் சமைக்கவும் அங்கிருந்துதான் வருகிறார்கள். சாவிக்கொத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு அலுவலகம் போகிறவர்கள், அவர்களுடைய தெருவைக் கண்டு பயப்படுவது எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக, கேட்டும் கேமராவும். இருட்டில் வரும் முகம் தெரியாதவன்தான் ஆபத்து என்ற நினைப்பில் வைப்பவை. 2022இல் நாட்டில் நடந்த 28,522 கொலைகளில் 9,962 தகராறில் நடந்தவை, 3,761 முன்பகையில். பணம், பொருளுக்காக நடந்தவை 1,884. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர். இவர்கள் சுவர் ஏறிக் குதித்து வருவதில்லை; வாட்ச்மேன் வணக்கம் வைத்து உள்ளே விடுகிறார். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று போனில் மிரட்டி ஆயுள் சேமிப்பைச் சுருட்டுகிறவனுக்கோ கேட்டே தேவையில்லை.

சென்ற கூட்டத்தில், கண்ணகி நகர் ஆட்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஒருவர் தீர்மானமே எழுதிக்கொண்டு வந்தார். "அப்போ நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு யாரு வருவா?" என்றார் மூன்றாவது மாடி அம்மா. யாரும் பதில் சொல்லவில்லை. செயலாளர் தண்ணீர் லாரி பில்லை எடுத்தார்.