லயன்களும் சரித்திரச் சின்னங்களே

கண்டிக்கு வருவோர் தலதா மாளிகையைப் படம் பிடிக்கின்றனர். இலங்காதிலக விகாரையை நாடிச் சென்று, அங்குள்ள பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருப்பது கண்டு வியப்போரும் உளர். ஆனால் கம்பளையிலிருந்து நுவரெலியா செல்லும் பாதையில் புசல்லாவையைக் கடக்கும்பொழுது, அவர்தம் கமரா தேயிலையின் பசுமையை மட்டுமே பதிவு செய்கிறது. அப்பசுமையின் நடுவே நிற்கும் லயன்களைச் சரித்திரச் சின்னமென்று கருதுவார் மிகச் சிலரே.

புசல்லாவை சாமானியமான ஊரன்று. 1841இல் வோம்ஸ் சகோதரர் இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத் தேயிலையை நட்டனர். லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதற்கு அது 26 ஆண்டுகள் முந்தியது. கோப்பிக் காலந்தொட்டு இம்மலைகளைத் திருத்தியவர்கள், தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காடுகளினூடே கால்நடையாய் வந்த நம்மவர். துரைமார் இட்ட பெயர் தோட்டத்துக்கு நிலைத்தது. மண்வெட்டி பிடித்தவரின் பெயரைச் சொல்லக் கல்வெட்டு இல்லை.

சட்டமும் இவர்களுக்குத் துணை நிற்கவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் எனக் கொள்கிறது. தோட்டத் தமிழனின் வரலாறோ அதற்குப் பின்னரே தொடங்குகிறது. பிற்காலக் கட்டிடங்களையும் வர்த்தமானி மூலம் பாதுகாக்க அமைச்சருக்கு அதிகாரமுண்டு. கேட்பார் இருந்தாலன்றோ கொடுப்பார் இருப்பர்?

நாம் கூறுவதை எவரும் திரித்துப் பொருள் கொள்ளலாகாது. லயன்கள் ஒழியவே வேண்டும். ஒரே காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் ஒண்டி வாழும் இழிநிலையைப் பாரம்பரியமென்று போற்ற நாம் ஒருப்படோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தக் காணியும் தனி வீடும் வேண்டும். ஆயின், இடிப்பதற்கு முன் படமெடுத்து வைப்பது நம் கடன். மலையும் காத்திருப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையில் சரிந்த மண், லயன்களை மனிதரோடு புதைத்ததை நாடறியும்.

இது வெறும் பொழுதுபோக்கன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. காட்ட ஏடின்றி இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். உறுதியில்லாத காணிக்காரன் படும் பாட்டை நம் விவசாயப் பெருமக்கள் நன்கறிவர். ஒரு சமூகத்துக்கு அதன் சரித்திரச் சின்னமே உறுதி.

கம்பளையை அடுத்த பழைய பீக்கொக் தோட்டத்தில் அமைந்த தேயிலைத் தொழிலாளர் நூதனசாலை நல்ல முன்மாதிரி. அது ஒன்றே போதாது. ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் வைத்தியர்களும் விடுமுறை நாள்களில் இப்பணியை மேற்கொள்ளட்டும். லயன், பிரட்டுக்களம், கொழுந்து மடுவம், பிள்ளைக் காம்பரா, மாரியம்மன் கோயில் ஆகிய யாவும் படமாகட்டும். 1875இல் இலங்கை வந்த ஜூலியா மார்கரெட் கமரன் தோட்டத் தமிழரைப் படமெடுத்தார். அவர்களுட் பலரின் பெயர் பதியப்படவில்லை. அக்குறை இனியும் நேரலாகாது. ஒவ்வொரு படத்தோடும் இடமும் திகதியும், அங்கு வாழ்ந்தோர் பெயரும், முதியோர் சொல்லும் செய்தியும் எழுதப்படல் வேண்டும். அவ்வாறு திரட்டிய சான்றுகளோடு அமைச்சரின் கதவைத் தட்டுவோம். தன் சரித்திரத்தைத் தானே எழுதாத சமூகம், பிறர் எழுதும் சரித்திரத்தில் கூலியாகவே நிற்கும்.